மர்ஸியா சிரித்த இடம்

ஜானி-ஆரிக்
4 அக்டோபர் 2005

தமாரா பாவ்லோவ்னா அவர்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் ஊரைவிட்டுப் போன அன்று பேருந்து நிறுத்தம் வரைக்கும்கூட வராதவள் நான். இப்போது நலம் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். பள்ளி எழுத்தரிடம் கெஞ்சி உங்கள் ருஷ்ய முகவரியை வாங்கினேன்.

மூன்று வருடம் நீங்கள் நடத்திய பிரிவு இப்போது நான்காம் வகுப்பாக என் கையில் இருக்கிறது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "தங்கமான வகுப்பு, அப்படியே தட்டுல வெச்சுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க, கெடுத்துடாதீங்க" என்றார். முதல் வாரம் நானும் நம்பினேன். எந்தக் கேள்வி கேட்டாலும் மொத்த வகுப்பும் கை தூக்குகிறது. ஆனால் பாதிப் பேர் இடது கையைத் தூக்குகிறார்கள். ஒருநாள் இடது கை தூக்கியிருந்த மர்ஸியாவை எழுப்பிப் பதில் சொல்லச் சொன்னேன். பூண்டு வியாபாரி இஸ்மரின் மகள், ஞாபகம் இருக்கும். அவள் மிரண்டுபோய், "டீச்சர், நான் இடது கையத்தானே தூக்கினேன்?" என்றாள். பக்கத்தில் இருந்தவன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை, தமாரா பாவ்லோவ்னா வலது கைக்காரர்களை மட்டும்தான் எழுப்புவார்களாம். மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த அந்தப் புகழ்பெற்ற மாதிரி வகுப்பும், அதற்குக் கிடைத்த பதக்கமும் எப்படி வந்தன என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிறகு மர்ஸியாவை ருஷ்யன் பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். வெள்ளம் வந்து ஒரு வீட்டுக்குள் புகுந்த கதை. மூச்சு விடாமல் வாசித்தாள், வானொலி அறிவிப்பாளர் தோற்றார். "வீட்டுக்குள்ள என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "விருந்தாளி" என்றாள்.

அவள் வீட்டில் பேசுவது துங்கான் மொழி. தெருவில் விளையாடுவது கிர்கீஸில். சந்தையில் அப்பாவோடு நின்று விலை சொல்வது ருஷ்யனில். மூன்று மொழி பேசும் பிள்ளை முட்டாள் இல்லை. சீன மொழியின் கிளையான அவள் வீட்டு மொழியில் ஒரு சொல் எங்கே போனாலும் அதே உருவத்தில்தான் இருக்கும். ருஷ்யனில் அது முன்னால் ஒன்றையும் பின்னால் இரண்டையும் ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும். அந்த நீளமான சொல்லுக்குள் தனக்குத் தெரிந்த குட்டிச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஏழு வயதில் கிர்கீஸ் மட்டும் தெரிந்துகொண்டு அதே மாதிரிப் பெஞ்சில் உட்கார்ந்தவள் நான், அதனால் சொல்கிறேன்.

இந்த வகுப்பில் நிஜமாகவே படிக்கத் தெரிந்த பிள்ளைகள் யார் யார் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். மற்றவர்களோடு நான் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சல்தனாத்


கலூகா
27 அக்டோபர் 2005

சல்தனாத் ஜொல்தோஷெவ்னா,

உங்கள் கடிதத்தில் இருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாணவர்களுக்கு எழுதிப்போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கை தூக்குவதைப் பற்றிப் பெரிய துப்பறிவாளர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரிவில் தெரியாத பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தலையைக் குனிந்து மேசைக்குள் புகுந்துகொண்டார்கள். நான் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன், எனக்குத் தெரியாதா. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் தலை குனிந்து உட்காரவில்லை. கை தூக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒருநாள் பதிலும் வரும்.

மர்ஸியா நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வாசித்தாள். மனப்பாடமாக இருக்கட்டும், மனப்பாடம் என்ன திருட்டா? சொல்லின் அமைப்பு பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நானும் நடத்தியிருக்கிறேன். வேர்ச்சொல்லுக்கு மேலே வில் மாதிரி வளைந்த கோடு, கடைசி உறுப்பைச் சுற்றிக் கட்டம். மர்ஸியா அளவு அழகாக வில் போடுகிறவர்கள் வகுப்பிலேயே இல்லை. அது இலக்கணத்துக்கு. வாசிப்புக்கு வேகம்தான் வேண்டும். மெதுவாக வாசிக்கிற பிள்ளை வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் வரலாறு, உயிரியல் என்று பக்கம் பக்கமாக வரும்போது சொல்லைத் துண்டு போடுகிற உங்கள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எங்கே போவாள்? வசந்தத்தில் வேகச் சோதனை வரும். அப்போது தெரியும் யார் கெடுத்தது என்று.

நீங்கள் கேட்ட பெயர்களை அனுப்பப்போவதில்லை. என் பிள்ளைகள் எல்லாரும் படிப்பார்கள்.

தமாரா பாவ்லோவ்னா


ஜானி-ஆரிக்
24 நவம்பர் 2005

தமாரா பாவ்லோவ்னா அவர்களுக்கு,

சிவப்பு மைக்கு நன்றி. ஆசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. "சல்தனாத், முதல்ல நீங்க ஒழுங்காப் பேசக் கத்துக்குங்க, அப்புறம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மர்ஸியாவின் விற்களைப் பார்த்தேன். அழகுதான். எந்தச் சொல்லாக இருந்தாலும் முதல் மூன்று எழுத்துக்கு மேல் போட்டு வைத்திருக்கிறாள். நீளமான சொல், குட்டையான சொல், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு.

இஸ்மரின் பூண்டுப் பெட்டி அட்டைகளை வாங்கி வெட்டினேன். நீங்கள் கத்தரிக்கோல் என்று கேலி செய்ததை நிஜமாகவே செய்திருக்கிறேன், சந்தோஷப்படுங்கள். முதலில் ருஷ்யனைத் தொடவே இல்லை. தெருவில் அவர்கள் பேசும் கிர்கீஸில் தொடங்கினேன். வீடு, வீடுகள், எங்கள் வீடுகளில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வால் சேர்த்துக்கொண்டே போனோம். தினமும் கத்திக்கொண்டு ஓடுகிற சொற்களைக் கையில் துண்டு துண்டாகப் பிடித்துப் பார்த்ததில் அவர்களுக்கு ஒரே கும்மாளம். அதன் பிறகுதான் ருஷ்யன் அட்டைகளைக் கொடுத்தேன். மர்ஸியா வெள்ளத்தைக் குறிக்கும் நீண்ட ருஷ்யச் சொல்லை எடுத்து முன்னால் ஒரு துண்டைப் பிய்த்தாள், பின்னால் ஒரு துண்டைப் பிய்த்தாள், கையில் மிச்சமிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டீச்சர், இதுக்குள்ள தண்ணி இருக்கு" என்றாள். அடுத்த நிமிடம் முகம் மாறிவிட்டது. "அப்ப அவங்க மாவு மூட்டையெல்லாம் நனைஞ்சிருக்குமே? இத்தன நாளா யாருமே எங்கிட்ட சொல்லலயே" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள்.

உங்களிடம் மறைக்கவில்லை, வேகம் விழுந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் நின்று உடைத்துப் பார்க்கிறாள். சில நாள் ஒரு பாடவேளை ஒரே சொல்லில் போய்விடுகிறது. வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுவாள் என்று நீங்கள் எழுதியது அவளுக்கு நடக்கிறது. அதற்காகச் சேர்த்து வாசிக்கவும் தினமும் பழக்குகிறேன். இஸ்மர் பள்ளிக்கூட முற்றத்துக்கு வந்து, "போன வருஷம் எம்பொண்ணு குதிர மாதிரி ஓடுனா, இப்ப நொண்டுறாளே, என்ன பண்ணி வெச்சீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் மனைவி ஹலிமா மட்டும் மறுநாள் வந்து, ஒரு தட்டு நிறையப் பொரித்த மாவு வளையங்களை வைத்துவிட்டுப் போனாள்.

சல்தனாத்


கலூகா
19 டிசம்பர் 2005

சல்தனாத் ஜொல்தோஷெவ்னா,

இஸ்மர் சொன்னது சரி. அவர் பூண்டை எடை போடுகிறவர், எடை குறைந்தால் அவருக்குத் தெரியும்.

எல்லாப் பிள்ளைகளின் மொழியும் உங்களுக்கே புரியும் என்று ஒரு நினைப்பு உங்களுக்கு. நான் அந்த ஊரில் பிறந்தவள். என் அம்மாவின் கல்லறை அங்கே கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. முப்பது வருடம் அந்தத் துங்கான் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்திருக்கிறேன், அவர்கள் கல்யாணங்களில் உட்கார்ந்து அத்தனை தட்டு சாப்பாட்டையும் முடித்திருக்கிறேன். நீங்கள் நேற்று வந்தவர். கிளம்புகிற அன்று எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டையில் உங்கள் பெயரைத் தேடினேன். இல்லை. இப்போது பெரிய அக்கறையோடு எனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள்.

இங்கே எனக்கும் பள்ளிக்கூடத்தில்தான் வேலை. நேரம் அதிகமில்லை. மகன் வீட்டில் இருக்கிறேன், எல்லாம் சௌகரியம். இனி வெட்டிய அட்டைக் கதைகளை எனக்கு எழுத வேண்டாம்.

தமாரா பாவ்லோவ்னா


ஜானி-ஆரிக்
11 மார்ச் 2006

தமாரா பாவ்லோவ்னா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எனக்கும் ஆசையில்லை. ஆனால் இப்போது உங்களைத் தவிர வேறு வழி இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

வேகச் சோதனை முடிந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு அம்மாள் ஸ்டாப்வாட்சோடு வந்தார். எப்போதும் எடுக்கும் அதே கதைதான், நாய்க்குப் பயந்த தபால்காரர் கதை. மர்ஸியா நிதானமாக வாசித்துக்கொண்டு போனாள், ஆனால் நிறுத்தாமல். தபால்காரர் கடிதத்தை நாயின் வாயிலேயே திணித்துவிட்டு ஓடுகிறார் அல்லவா, மறுநாள் நாய் தனக்குக் கடிதம் வரும் என்று வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறது. அந்த இடம் வந்ததும் மர்ஸியா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டு போனது இது: வாசிப்பு வேகம் தொண்ணூறிலிருந்து இருபத்தைந்துக்கு வீழ்ச்சி, கவனமின்மை, காரணமின்றிச் சிரிப்பு. அடுத்த வாரமே மருத்துவர்களும் கல்வி அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் கமிஷனுக்குக் கூப்பிட்டார்கள். அறிவு பின்னோக்கிப் போகிற நோயாக இருக்கலாம் என்கிறார்கள். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். அங்கே போன பிள்ளை திரும்பி சாதாரணப் பள்ளிக்கு வந்து நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. ஹலிமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அவ கிறுக்கு இல்ல, வீட்ல எல்லாத்தையும் அவதான் படிச்சு சொல்றா" என்று அழுதாள்.

அந்தத் தொண்ணூறு வாசிப்பே இல்லை, மனப்பாடம் என்று நான் கமிஷனில் சொன்னேன். "பதக்கம் வாங்கின டீச்சர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த கணக்கு இது, நீங்க உங்களக் காப்பாத்திக்கப் பேசுறீங்க" என்று தலைவர் வாயை அடைத்துவிட்டார். மே மாதம் முடிவு சொல்வார்கள்.

நீங்கள் ஒரு தாளில் உண்மையை எழுதினால் போதும். சோதனைக் கதைகளைப் பிள்ளைகள் முன்பே மனப்பாடம் செய்திருந்தார்கள் என்று. உங்களுக்கு இனி என்ன நஷ்டம்? நீங்கள் அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிற வேலை பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கோட்டு மாட்டுகிறவருக்குப் பதக்கம் எதற்கு?

சல்தனாத்


கலூகா
3 ஏப்ரல் 2006

சல்தனாத் ஜொல்தோஷெவ்னா,

ஆமாம், கோட்டு மாட்டுகிறேன். வாத்தியார் வேலைக்கு அலைந்தேன், குடியுரிமைத் தாள் இல்லை என்றார்கள், பிறகு வயதாகிவிட்டது என்றார்கள். மகன் வீட்டில் என் கட்டில் அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. இந்த ஊரில் என்னைக் கிர்கீஸ்காரி என்று கூப்பிடுகிறார்கள். நான் உச்சரிப்பது சரியில்லையாம். நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆத்திரம் தீரட்டும். பதக்கத்தைக் கோட்டுக்கு உள்பக்கம் குத்தியிருக்கிறேன், யாருக்கும் தெரியாது. அதையும் பிடுங்க வந்துவிட்டீர்கள்.

நீங்கள் கேட்டதை எழுத மாட்டேன்.

ஆனால் அந்தத் தபால்காரர் கதையை இந்தப் பள்ளி நூலகத்தில் தேடி எடுத்தேன். முப்பது வருடம் அதைப் பிள்ளைகள் வாசிக்கக் கேட்டிருக்கிறேன், கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே. எத்தனையோ பிள்ளைகள், துங்கான், கிர்கீஸ், ருஷ்யன். ஒன்றுகூடச் சிரித்ததில்லை. கோட்டுகளுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்து முதல் தடவையாக மெதுவாகப் படித்தேன். நாய் வாசலில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு பையன் வந்து, "ஆயா, என்ன ஆச்சு?" என்று கேட்டான். அதற்காக உங்கள் மேல் நன்றி ஒன்றும் வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது.

அந்தப் பிள்ளைக்கு எந்த நோயும் இல்லை. விடுதிக்குப் போகக்கூடாது. அதனால் கமிஷனுக்கு நானே எழுதி, நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் முதுகில் குத்தினேன் என்று வரக்கூடாது. மர்ஸியா என்னிடம் நன்றாகப் படித்த, குறை எதுவும் இல்லாத பிள்ளை. நான்காம் வகுப்பு ஆசிரியை பாடத்திட்டத்தை விட்டுவிட்டு அட்டை வெட்டி விளையாடி அவள் வேகத்தைக் கெடுத்துவிட்டார். அவருக்கு ருஷ்யனே சரியாக வராது. கோளாறு பிள்ளையிடம் இல்லை, ஆசிரியையிடம். ஆசிரியையை மாற்றினால் பிள்ளை சரியாகிவிடும்.

யோசித்துப் பாருங்கள். நான் ஏமாற்றினேன் என்று எழுதினால் என் பெயர் அன்றோடு போயிற்று. பெயர் போனவள் சொல்வதைக் கேட்டு எந்தக் கமிஷன் பிள்ளையை விடும்? அந்த மாவட்டத்தில் என் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. உங்கள் பேச்சுக்கு எப்போதும் இருந்ததில்லை. இரண்டு டீச்சர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் அது அவர்களுக்குப் பழகின விஷயம், உடனே நம்புவார்கள்.

உங்களைக் காப்பாற்றச் சொல்லி நீங்கள் எழுதவில்லை, பிள்ளையைக் காப்பாற்றச் சொன்னீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில வரிகள் இனிக்கவே இனித்தன.

தமாரா பாவ்லோவ்னா


ஜானி-ஆரிக்
22 மே 2006

தமாரா பாவ்லோவ்னா அவர்களுக்கு,

என்ன நடந்தது என்று தெரியாமல் நீங்கள் நிம்மதியாகத் தூங்கக்கூடாது, அதற்காக எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

கமிஷன் கூடியது. தலைவர், தலைமையாசிரியர், மருத்துவர், எல்லாரும் இருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இஸ்மரும் ஹலிமாவும் மர்ஸியாவை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசித்தார்கள். என் ருஷ்யனைப் பற்றி எழுதியிருந்ததையும் விடவில்லை. அந்த வரியில் செயலாளர் என்னைப் பார்த்தார், வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆசிரியர் கூட்டத்தில் அன்றைக்குச் சிரித்தேனே, இப்போது அதுவும் முடியவில்லை.

வாசித்து முடித்ததும் தலைவர் என்னிடம் திரும்பி, "இதுல எழுதியிருக்கிறது உண்மைதானா?" என்று கேட்டார்.

சொல்வதற்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் உடைத்துப் பார்த்த சொற்களை, எழுதிய பதில்களை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு மறுபடியும் தொண்ணூறுக்கும் இருபத்தைந்துக்கும் போயிருக்கும். கோளாறு என்னிடம் இல்லையென்றால் மர்ஸியாவிடம் என்று ஆகியிருக்கும். உங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அதை நினைத்து நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

உண்மைதான் என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

மர்ஸியா நம் பள்ளியிலேயே இருப்பாள். ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். என்னிடமிருந்து வகுப்பை எடுத்துவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து நான் சின்னப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டு, அம்மாக்கள் வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். கரண்டி பிடிக்கிற வேலை. கோட்டு மாட்டுவதைப் பற்றி நான் எழுதியதற்கு நீங்கள் ஆசைப்பட்ட பதில் இதுதான் என்றால் கிடைத்துவிட்டது.

இஸ்மர் வெளியே வந்ததும் தலைவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். ஹலிமா நேராக என்னிடம் வந்தாள். "எம்புள்ளய கிறுக்குன்னு சொல்ல வெச்சியே, நீயெல்லாம் ஒரு டீச்சரா? இனி அவ பக்கம் வந்தா பாத்துக்கோ" என்றாள். அவள் காதால் கேட்டது என் வாயிலிருந்து வந்ததுதான். இப்போது கடையில் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள்.

மர்ஸியா அம்மாவின் கையை உதறிவிட்டுப் படிக்கட்டில் என் பின்னால் ஓடிவந்தாள். நீங்கள் எழுதிய கடிதத்தில் நீளமான சொற்கள் நிறைய இருந்தன, தமாரா பாவ்லோவ்னா, அலுவலகச் சொற்கள், பெரியவர்களே தடுக்கி விழுகிற சொற்கள். அத்தனையையும் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறாள். "டீச்சர், அவங்க வாசிச்சது பொய்தானே? நீங்க என்னக் கெடுக்கலயே. ஏன் ஆமான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். அவ்வளவு சத்தமாகக் கேட்டாள். மேலே கதவு திறந்திருந்தது, தலைவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

நான் குனிந்து அவள் தோளைப் பிடித்து, "உனக்கு ஒண்ணும் புரியல. பேசாம போ" என்றேன்.

சல்தனாத்